தாமதமாகக் கழுவிய ஈரல்

ஒரு காட்டில், ஏரிக்கரையை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அதை நடத்தியவள் வேதவல்லி என்ற நீர்நாய்.

கரடியாரின் சர்க்கரை ஆலைக் கழிவு அந்த ஏரியில்தான் விழுந்தது. மீன்கள் வயிறு உப்பி மிதந்தன. கயற்கண்ணி என்ற கெண்டை, செத்துப்போன தன் அண்ணனின் ஈரலைக் கொண்டுவந்து கொடுத்து, என்ன கோளாறு என்று பார்க்கச் சொன்னாள்.

வேதவல்லி அதை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினாள். அழற்சியால் புண்பட்ட இடத்தில் மட்டும் பழுப்பாகப் பிடிக்கும் சாயத்தை ஊற்றி, நேரம் பார்த்துக் கழுவினாள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் திட்டுத் திட்டாகப் பழுப்பு.

காட்டுச் சபை உடனே உத்தரவு போட்டது. ஆலைக் கழிவை நிறுத்த வேண்டும். ஈரல் சரியாகும்வரை யாரும் அந்த ஏரி மீனைத் தின்னக் கூடாது. நாரைகள் முணுமுணுத்தபடி பக்கத்து ஏரிக்குப் போயின. வேதவல்லியும் நண்டுக்கு மாறினாள்.

தண்ணீர் தெளிந்தது, மீன்கள் தேறின. ஒரு கிழ விரால் வயசாகிச் செத்தது. அந்த ஏரியில் அதுவரை யாரும் அப்படிச் செத்ததில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

விராலின் ஈரலை மறுபரிசோதனை செய்யச் சொன்னது சபை. சீவும்போதே வேதவல்லிக்குத் தெரிந்துவிட்டது, அருமையான ஈரல். நாக்கில் எச்சில் ஊறியது.

அதைக் கொண்டுவந்த கயற்கண்ணி போகாமல் கரையோரமே நின்றாள். “நல்லா இருக்குன்னு எழுதினா நாளைக்கே நாரைங்க வந்துடும்க்கா.”

“பொய் எழுத எனக்கு வராது.”

“எழுத வேணாம். சாயத்தைக் கொஞ்சம் லேட்டாக் கழுவுங்க, போதும்.”

சாயம் அதிகம் ஊறினால் எல்லாமே பழுப்பாகிவிடும். கயற்கண்ணிக்குப் பின்னால் அவள் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தன. வேதவல்லி எச்சிலை விழுங்கிவிட்டு, சாயத்தை ஊற்றி, டீ குடிக்கப் போனாள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நலம் விசாரித்துவிட்டுத்தான் திரும்பினாள். தகடு ஒரே பழுப்பு. பார்த்ததை அப்படியே எழுதினாள்.

ஏரியில் ஒரே கொண்டாட்டம். ஆனால் முடிவைக் கரடியாரும் படித்தார். கழிவை நிறுத்தியும் அழற்சி போகவில்லை என்றால் அது ஆலையின் குற்றமில்லையே என்று சபையில் கேட்டார். அன்றைக்கே கழிவுக் குழாயைத் திறந்துவிட்டார்.

சில வாரங்களில் கயற்கண்ணிக்கும் வயிறு உப்பியது. வேதவல்லி பதறிப்போய், சபையில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள்.

“இனிமே என்னத்தைச் சொல்வீங்க?” என்றாள் கயற்கண்ணி. “நீங்க எழுதினதுதானேக்கா இப்ப உண்மை.”

நீதி: ஆய்வு முடிவு தப்பாகிவிட்டால் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். கொஞ்ச நாள் விட்டால் அதுவே சரியாகிவிடும்.