மூன்றாவது பாலத்தைத் தாண்டாத விமர்சகர்

தாணுமாலையன் தன் வலது கைக் கட்டைவிரலைக் கதவிடுக்கில் நசுக்கிக்கொள்வது என்று தீர்மானித்தார். நிஜமாக நசுக்கிக்கொள்வதாக இல்லை. அவ்வளவு வீரம் அவரிடம் கிடையாது. நசுங்கிவிட்டதாக ஊர் நம்பினால் போதும். ஊருக்கு முன்னால் வீடு நம்ப வேண்டும். சிக்கல் அங்கேதான். வீட்டில் மனைவி பிரம்மநாயகி இருந்தாள்.

விரலுக்கு இந்த ஆபத்து வீடியோ கேமால் வந்தது.

தாணுமாலையனுக்குப் பாளையங்கோட்டையில் பொதுப்பணித் துறையில் குமாஸ்தா உத்தியோகம். அது சோற்றுக்கு. பெருமைக்கு, உள்ளூர் மாத இதழ் ஒன்றில் வீடியோ கேம் விமர்சனம் எழுதிவந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டிவியில் மாட்டி ஆடுகிற மிஷின்கள் சிங்கப்பூர்ப் பெட்டிகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எந்த மிஷின் தேவலை, எந்தக் கேசட்டை வாங்கலாம் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. தாணுமாலையன் சொன்னார். பட அழகுக்கு எட்டு மார்க், சத்தத்துக்கு ஏழு, விறுவிறுப்புக்கு எட்டரை. அந்த அரை மார்க்கில்தான் விமர்சகனின் யோக்கியதை இருக்கிறது என்பது அவர் கொள்கை.

ஒரே ஒரு குறை. அவருக்கு ஆட வராது.

முருகன்குறிச்சியில் ரேடியோ, டேப் விற்கிற காஜா முகைதீனின் தம்பி சிங்கப்பூரில் இருந்தார். வரும்போதெல்லாம் பழைய இங்கிலீஷ் கேம் பத்திரிகைகளைக் கட்டாகக் கொண்டுவருவார். அதைப் படித்துத் தமிழில் இறக்குவதுதான் தாணுமாலையனின் விமர்சனம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காஜா முகைதீன் கடை மாடியில் விஷயம் தெரிந்த நாலைந்து பேர் கூடுவார்கள். எட்டு பிட் மிஷினா, பதினாறு பிட் மிஷினா என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் விவாதம் நடக்கும். தாணுமாலையன் பதினாறு பிட் கட்சி. எதிர்க்கட்சி எலியேசர் சார். கணக்கு வாத்தியார், தாணுமாலையனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். எட்டு பிட்டில் ஆட்டம் இருக்கிறது, பதினாறு பிட்டில் பவுடர் பூச்சுதான் இருக்கிறது என்பார்.

எலியேசர் சாருக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. எட்டு பிட், பதினாறு பிட் என்று பேசுகிற மனுஷர் எல்லாவற்றையும் பிட் அடித்துத்தான் எழுதுகிறார் என்று. பரீட்சை ஹாலில் பிட்டு பிடித்தே பழகிய கண் அது.

அந்தச் சமயத்தில்தான் புதுப் பதினாறு பிட் மிஷின் வந்தது. காஜா முகைதீன் அதைத் தாணுமாலையன் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அவர் நல்லது என்று சொன்னால் கடையில் வாங்கி அடுக்குவதாகத் திட்டம். கூடவே ஒரு கேசட். முதுகில் கூடை சுமந்த ஒரு குட்டை மனுஷன் ஒன்பது பாலங்களைத் தாண்டிக் கோட்டைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

தாணுமாலையன் ஆபீஸ் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். இது வேலை, யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிரம்மநாயகியிடம் சொல்லிவிட்டார். கூடைக்காரன் முதல் பாலத்தைத் தாண்டினான். இரண்டாவதைத் தட்டுத் தடுமாறித் தாண்டினான். மூன்றாவதில் ஆற்றில் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பிரிவில் இருக்கிறவர் கையால் எத்தனை பேர்தான் தண்ணீரில் போவார்கள். தினமும் சாயங்காலம் அந்தக் குட்டை மனுஷனை ஆற்றுக்குக் காவு கொடுத்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்.

ஆனாலும் பத்திரிகை இருந்ததே. ஒன்பது பாலத்தையும் வருணித்து எழுதி, ஞாயிற்றுக்கிழமை மாடியில் கம்பீரமாக வாசித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். எலியேசர் சார் மட்டும் ஆட்டவில்லை.

"ஒம்பதாவது பாலத்துல ஒரு பட்சி வந்து நெருப்பக் கக்குதுன்னு எழுதியிருக்கியள். அது என்ன கலரு?"

பத்திரிகையில் அந்தப் பக்கம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. தாணுமாலையன் ஒரு நிமிஷம் விட்டத்தைப் பார்த்தார்.

"அது அவங்கவங்க டிவியப் பொறுத்தது சார்வாள்."

எலியேசர் சார் சிரித்துக்கொண்டே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமர்சகர் எல்லார் முன்னாலும் ஒரு தடவை ஆடிக் காட்டட்டுமே என்றார். காஜா முகைதீனுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வள்ளியூரிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் இரண்டு வியாபாரிகள் மிஷினைப் பார்க்க அன்றைக்குத்தான் வருகிறார்கள். அண்ணாச்சி ஆடினால் அங்கேயே வியாபாரம் முடிந்துவிடும் என்றார்.

ஆகவே கட்டைவிரல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாணுமாலையன் அறைக்குள்ளிருந்து அலறிக்கொண்டு வந்தார். பிரம்மநாயகி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பார்த்தாள்.

"எந்தக் கதவு?"

"பீரோக் கதவு."

"அதுல வலது கை எப்படி மாட்டிச்சு? நீங்க இடது கையாலதான தொறப்பிய."

"மாட்டிட்டுது."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டாள். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினாள். சுற்றி முடித்தபோது கை இருந்த இடத்தில் ஓர் இளநீர்க்காய் இருந்தது. மறுநாள் மத்தியானம் தேங்காய்ப்பால் சொதி வைத்தாள். சொதியும் இஞ்சிப் பச்சடியும் என்றால் தாணுமாலையன் ஆபீசில் லீவு சொல்லுகிற ஆள். இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தாள். பாதிச் சொதி வேட்டிக்குப் போயிற்று. பச்சடி மோவாயோடு நின்றது. வலது கையை மட்டும் அசைத்துவிடாதீர்கள் என்று விசிறிக்கொண்டே சொன்னாள்.

சாப்பாடு முடிந்ததும் எலும்பு வைத்தியர் முத்துமாலை வந்து நின்றார். அவள்தான் சொல்லியனுப்பியிருந்தாள். அவர் கட்டைப் பிரித்து, விரலை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்து, முறிவு ஒன்றும் இல்லை என்றார். வந்ததுக்கு ஒரு இழுப்பு இழுத்துவிட்டும் போனார். பிரம்மநாயகி பழையபடி கட்டைச் சுற்றிவிட்டாள். இப்போது விரல் நிஜமாகவே வலித்தது. தாணுமாலையனுக்கு ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்தது. இனிமேல் சொல்வது பொய் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு, பொழுது சாய்வதற்குள் காஜா முகைதீன் வந்தார். இளநீர்க்காயைப் பார்த்து ரொம்ப வருத்தப்பட்டார். வியாபாரிகளுக்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், உடம்புதான் முக்கியம் என்றார். தாணுமாலையனுக்கு நெஞ்சுக்குள் ஏர் பூட்டியிருந்த மாடு இரண்டையும் அவிழ்த்துவிட்டாற்போல இருந்தது. அந்த நிம்மதி காப்பி வருகிற வரைக்கும் நீடித்தது. காப்பியைப் பிரம்மநாயகி கொண்டுவந்தாள்.

"அதுக்கு எதுக்கு நிறுத்துதிய அண்ணாச்சி? கைதான கெட்டிருக்கு, வாய் நல்லாத்தான இருக்கு. இவுக சொல்லட்டும். நான் அமுக்குதேன்."

காஜா முகைதீன் மதினியைக் கையெடுத்துக் கும்பிட்டார். தாணுமாலையன், இது பொம்பளைகள் வேலை இல்லை என்று இழுத்துப் பார்த்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் வரும் என்று காஜா முகைதீன் சொல்லிவிட்டார். புகழ்ச்சியாகப் போய்விட்டது. மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. வள்ளியூர்க்காரரும் திசையன்விளைக்காரரும் முன்வரிசை நாற்காலியில். எலியேசர் சார் டிவிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிட்டார். பிரம்மநாயகி பாயில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டாள். தாணுமாலையன் பின்னால் நாற்காலியில், கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது பாலத்தில் தன் மானம் ஆற்றோடு போகப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். பழி அவள் கைமேல் விழும் என்பது ஒன்றுதான் பிடிமானம். அதை நினைத்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"குதி" என்றார்.

கூடைக்காரன் குதிக்கவில்லை. எதிரே இருந்த பலகை அந்த நொடியில் உடைந்து விழுந்தது. குதித்திருந்தால் அதன் மேல்தான் போய் நின்றிருப்பான். அவளுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்.

"நில்லு" என்றார். கூடைக்காரன் ஓடினான். முதல் பாலம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவது வந்தது. தாணுமாலையனுக்கு வேர்த்தது. அங்கே அவர் எப்போதும் பதுங்கிப் பதுங்கித்தான் போவார்.

"பைய. பைய" என்றார்.

பிரம்மநாயகி விரலை எடுக்காமல் அமுக்கினாள். கூடைக்காரன் தலைதெறிக்க ஓடினான். அவன் கால் எடுக்க எடுக்கப் பலகைகள் பின்னால் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்றும் அவனைப் பிடிக்கவில்லை. தாணுமாலையன் தன் வாழ்க்கையில் முதன்முறையாக மூன்றாவது பாலத்தின் மறுகரையைப் பார்த்தார். அங்கே ஒரு பனைமரம் இருந்தது. பத்திரிகையில் அதைப் போடவே இல்லை.

அதற்குப் பிறகு அவருக்கு வழி தெரியாது. ஆகவே அவள் செய்து முடித்ததையெல்லாம் கொஞ்சம் பிந்திச் சொல்ல ஆரம்பித்தார். அவன் குதித்து இறங்கியதும், "குதி" என்பார். அவன் குனிந்ததும், "ஆ, குனி" என்பார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் முன்பின் தெரியவில்லை. திசையன்விளைக்காரர், கண்டக்டர் விசில் ஊதுகிற மாதிரியல்லவா ஓட்டுகிறார் என்று வியந்தார்.

ஒன்பதாவது பாலத்தில் பட்சி வந்தது. எலியேசர் சார் தலையை நீட்டினார். பட்சி பச்சையாக இருந்தது.

"நம்ம டிவில பச்சை கொஞ்சம் தூக்கல்தான்" என்றார் காஜா முகைதீன்.

கூடைக்காரன் கோட்டைக்குள் போனான். மாடி கைதட்டியது. இரண்டு வியாபாரிகளும் அங்கேயே மிஷினுக்குச் சொல்லிவிட்டார்கள். எலியேசர் சார் எழுந்து வந்து தாணுமாலையனின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தேகப்பட்டதற்கு மன்னிக்கணும், கை யாருடையதாக இருந்தால் என்ன, மூளை உங்களுடையது என்றார். இனி எட்டு பிட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்றும் சொன்னார். தாணுமாலையனுக்கு உடம்பே எடை குறைந்தாற்போல ஆகிவிட்டது. மிக்சர் வந்தது. நாலு பேர் கேட்க, விறுவிறுப்புக்கு ஒன்பது மார்க் கொடுக்கலாம் என்று அறிவித்தார்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். நல்ல காற்று. வழியில் பிரம்மநாயகி கத்தரிக்காயும் தேங்காயும் வாங்கினாள். இங்கன காட்டுங்க என்று வலது கையைப் பிடித்து, நடுத்தெருவிலேயே கட்டைப் பிரித்துப் பையில் போட்டாள். அந்தக் கையிலேயே பையையும் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். வலிக்கிறது என்று சொல்லத் தோன்றவில்லை.

கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு தாங்க முடியாமல், எப்படி ஆடப் பழகினாய் என்று கேட்டார். நீங்கள் ஆபீஸ் போனதும் நானும் கிரேஸும்தான் என்றாள். கிரேஸ் எலியேசர் சாரின் மனைவி. தாணுமாலையன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவள் சாரிடம் சொல்ல மாட்டாள், நீங்கள் நிம்மதியாக வாருங்கள் என்று பிரம்மநாயகியே சொன்னாள். அவருக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிரோடு கொஞ்சம் கௌரவமும் திரும்பி வந்தது.

"இருந்தாலும் ஏளா, முதல் மூணு பாலம் நான் சொன்னபடி கேட்டுத்தான தாண்டுன?"

"கேட்டேனே. நீங்க குதின்னா நின்னேன், நில்லுன்னா ஓடுனேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து குடும்பத்த அப்படித்தான நடத்துதேன்."