சம்பந்தி வீட்டாரின் தேசிய கீதம்

பிரேசர் டவுன், பெங்களூரு

மதிப்புக்குரிய மச்சான் தாஸ் அவர்களுக்கு, சவரிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அனைவரும் சுகம். முதியோர் வகுப்பில் கற்று, என் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. எழுத்துகள் கோணலாக இருப்பதற்கும், கோட்டுக்குக் கீழே இறங்கிப் போவதற்கும் மன்னிக்கவும். முப்பது வருடம் சுரங்கத்தில் இறங்கிய கை.

முழங்கால் வலியால் நீங்கள் வர முடியாமல் போன நம் பேத்தி மெர்சியின் நிச்சயதார்த்தத்தைப் பற்றி எழுதுகிறேன். மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரர். சம்பந்தி வீட்டாரை பேண்டு வைத்து வரவேற்பது நம் வழக்கம். வெளிநாட்டார் என்றால் அவர்களுடைய தேசிய கீதத்தை வாசிப்பதுதானே மரியாதை? மெர்சியைக் கேட்டேன். "அவங்களுக்குன்னு சட்டப்படி ஒண்ணும் கெடையாது தாத்தா. ஆளுக்கொரு பாட்ட இதுதான்னு பாடுவாங்க" என்றாள். பாட்டில்லாத நாடா என்று மனம் கனத்து, நிச்சயத்துக்காக முன்கூட்டியே வந்து இறங்கியிருந்த சம்பந்தியிடமே கேட்கச் சொன்னேன். அவர் விளையாட்டு மைதானத்தில் பாடும் ஒன்றைச் சொன்னார். கூட வந்த அவருடைய அண்ணன், அது நேற்று வந்த பாட்டு, பழைய போர்ப்பாட்டுதான் சரி என்றார். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. அண்ணன்காரர் ஊருக்கே திரும்புகிறேன் என்று துணிமணிகளைக் கட்டிவிட்டார். "சும்மா இருந்தவங்கள கெளப்பி வுட்டுட்டியே தாத்தா! இனிமே நிச்சயம் நடந்த மாதிரிதான்" என்று மெர்சி அழுதாள். நான் பேண்டு மாஸ்டர் டொமினிக்கைப் பிடித்து, இருவருக்கும் பொதுவாக அவர்கள் நாட்டுப் பாட்டு ஒன்றைத் தேடிக் கற்றுக்கொள் என்றேன். "வுடு பெரியவரே, நான் பாத்துக்கறேன்" என்றான்.

மறுநாள் நிச்சயத்துக்கு, சர்ச் ஹாலில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். டொமினிக் மெதுவாக ஒரு பாட்டை எடுத்தான். எங்கோ கேட்டது போல இருந்தது. கோலார் தங்கவயலில் அந்தக் காலத்துத் துரைகள் பாடியிருப்பார்கள் என்று எண்ணி, கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக எழுந்து நின்றேன். என்னைப் பார்த்துச் சம்பந்தி எழுந்தார், அவருடைய அண்ணன் எழுந்தார், ஹாலே எழுந்தது. பாட்டு முடியும்போது அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் தோளில் கை போட்டார். மோதிரம் மாற்றினோம். மச்சான், ஒரு நாடு தீர்க்காத வழக்கை நாம் பிரேசர் டவுனில் தீர்த்துவிட்டோம்.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். இனி எழுதித் தரச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சவரிமுத்து

பி.கு.: இப்போதுதான் டொமினிக் வந்தான். "புதுசா கத்துக்க ஏது டைம்? சவப்பெட்டிய குழியில எறக்கறப்ப வாசிப்பமே, அதான். நீ எதுக்குப் பெரியவரே எழுந்து நின்ன?" என்கிறான். நான் நின்ற விதத்தைப் பார்த்து, அது தங்கவயல் ஜனங்களின் தேசிய கீதம் என்று நினைத்துத்தான் சம்பந்திகள் நின்றார்களாம். ஜனவரியில் மெர்சி கல்யாணத்துக்குப் பீடத்தை நோக்கி நடக்கும்போது, நம்மைக் கௌரவிக்க அதையே தங்கள் ஊர் ஊதுவாத்தியமான பேக்பைப்பில் வாசிக்க வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து பழகுகிறார்கள். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று மெர்சி உத்தரவு. ஆகையால் நீங்களும் அன்றைக்கு எழுந்து நில்லுங்கள். பழக்கதோஷத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை மட்டும் அள்ளிவிடாதீர்கள்.