காலடியில் நங்கூரம்

நங்கூரம் கடிகாரக்காரரின் காலடியில், மோட்டார் படகுக்குள் பத்திரமாக இருந்தது. அது இருக்க வேண்டிய இடம் ஏரியின் அடி.

அது பிடித்து நிறுத்த வேண்டிய ஆரஞ்சு மிதவையோ, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி காற்றோடு அக்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சுற்றித் திரும்ப வேண்டிய பாய்மரப் படகுகள் எல்லாம், பாவம், அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன.

"மாமா, மிதவையை நீங்கதானே கட்டினீங்க?" என்றான் மோட்டாரைப் பிடித்திருந்த மச்சினன்.

"பின்னே? மூணு சுத்து, ரெண்டு முடிச்சு. யானை வந்தாலும் பிரிக்க முடியாது."

"எதுல கட்டினீங்க?"

"மிதவையில."

"கயித்துக்கு இன்னொரு முனைன்னு ஒண்ணு இருக்குமே?"

கடிகாரக்காரர் குனிந்து பார்த்தார். நங்கூரமும் அவரைப் பார்த்தது.

"டேய், வெளியில மூச்சு விடாதே. இன்னைக்குச் சாயங்காலம் ஓட்டெடுப்பு."

அவர் கவலை அவருக்கு. கடையில் நாளெல்லாம் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அடுத்தவர் கடிகாரத்தை ஓட வைப்பவர். வீட்டில் அவர் பேச்சைக் கேட்பது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான், அதுவும் சாவி கொடுத்தால். பாய்மரப் படகு லேசாகச் சாய்ந்தாலே அவருக்கு வயிற்றைப் பிரட்டும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் பந்தய அதிகாரி. வெள்ளைத் தொப்பியை வைத்துக்கொண்டு அவர் ரப்பர் ஊதலை அமுக்கினால், ஊரில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவர் காட்டிய திசையில் போவார்கள். அந்தத் தொப்பியை வருஷத்தின் கடைசிப் பந்தயத்தன்று சங்கத்துக் கொட்டகையில் கைதூக்கித்தான் கொடுப்பார்கள். கைதூக்கியே பிடுங்கவும் செய்வார்கள்.

முன்பு தொப்பி வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன். நிமிர்ந்த நடை, இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை. அவரையே ஒரு சாயங்காலம் மொத்தப் பேரும் சேர்ந்து இறக்கிவிட்டார்கள். ஏன் என்று கடிகாரக்காரரும் மூன்று வருஷமாகக் கேட்கிறார். "அதை விடுங்க சார்" என்பதற்கு மேல் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. அப்படி என்ன தப்பு செய்திருப்பார் மனிதர்? அந்தத் தப்பு எதுவென்று தெரியாததால், கடிகாரக்காரர் எல்லாத் தப்புக்கும் பயந்தார்.

தன் நிர்வாகத்தில் மட்டும் அவருக்கு ஒரு பெருமை. கேப்டன் காலத்தில் ஐந்து படகாகச் சுருங்கிக் கிடந்த பந்தயம் இப்போது பதினான்கு படகு. "ஒழுங்குன்னு ஒண்ணு வந்துட்டா கூட்டம் தானா வரும்" என்று வீட்டில் சொல்வார். "தொப்பியைக் கழட்டிட்டுச் சாப்பிடுங்க" என்பாள் மனைவி.

"விடு நேரா. மிதவையைப் பிடிச்சுப் பழைய இடத்துக்கு இழுத்துட்டுப் போயிடலாம். யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றார் கடிகாரக்காரர் மச்சினனிடம்.

கவனிக்காமல் எப்படி இருப்பார்கள்? முதலாவதாக வந்துகொண்டிருந்த பல் டாக்டர் மிதவையைத் தொடுகிற தூரத்தில் அதைச் சுற்றித் திரும்ப முயன்றபோது, மோட்டார் படகு ஒன்று சீறி வந்து அதைக் கொத்திக்கொண்டு ஓடியது. டாக்டர் ஒரு நொடி யோசித்தார். பிறகு பாயைத் திருப்பிக்கொண்டு துரத்த ஆரம்பித்தார்.

"மாமா, டாக்டர் பின்னாடியே வர்றாரு."

"வேகமாப் போடா!"

மச்சினன் முடுக்கினான். தண்ணீரில் இழுபட்ட மிதவைக் கயிறு மோட்டாரின் விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது. மோட்டார் ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. இப்போது மிதவை, படகு, நங்கூரம், அதிகாரி எல்லாமே சேர்ந்து அக்கரைக்குக் கிளம்பின.

"மூணு சுத்து, ரெண்டு முடிச்சு" என்றான் மச்சினன், விசிறியைத் தடவிப் பார்த்து. "நீங்க சொன்னது சரிதான் மாமா. பிரிக்கவே முடியலை."

"கிண்டலை அப்புறம் வச்சுக்கோ. பந்தயத்தைப் பாதியிலேயே முடிச்சுக்கலாம். அதுக்கொரு கொடி உண்டு. நீலமா, மஞ்சளா?"

"என்னைக் கேட்டா? தொப்பி உங்க தலையிலதானே இருக்கு."

ஒன்றுக்கு, பந்தயம் சுருக்கப்பட்டது, நேரே எல்லைக்கோட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். இன்னொன்றுக்கு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். கடிகாரக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் இரண்டையும் ஏற்றிவிட்டார்.

"வேண்டியதை எடுத்துக்கட்டும்."

எடுத்துக்கொண்டார்கள். பாதிப் படகு முடிக்கத் திரும்பியது, மீதி ஆரம்பிக்கத் திரும்பியது. ஆரம்பமும் முடிவும் ஒரே கோடு என்பதால், எது எதற்குப் போகிறது என்று அந்தந்தப் படகில் இருந்தவர்களுக்கே சந்தேகம். நடுவில் இரண்டு படகின் பாய்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன.

இத்தனைக்கும் நடுவே ரொட்டிக்கடைக்காரர் என்ற ஒருவர் இருந்தார். வழக்கம்போலப் பாய்க்கயிறு சிக்கி, எல்லோரும் போன பிறகுதான் அவர் கோட்டைத் தாண்டியிருந்தார். கொடியைப் பார்த்தார். படகைத் திருப்பினார். கோடு பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தாண்டிய நேரம் பார்த்து மச்சினன் கால் இடறி ஊதல் மேலேயே உட்கார்ந்தான்.

பாம்ம்ம்!

முதலாவதாக முடிப்பவருக்கு அடிக்கும் ஒலி அது. ரொட்டிக்கடைக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயித்தார்.

துரத்தி வந்த பல் டாக்டர்தான் இவர்களுக்குக் கயிறு வீசினார். எல்லாப் படகும் கரையேறிய பிறகு, மோட்டார் படகையும் மிதவையையும் இழுத்துக்கொண்டு டாக்டர் கடைசியாக வந்துசேர்ந்தார். வழியில் கடிகாரக்காரர் மெல்லக் கேட்டார்.

"கோபமா டாக்டர்?"

"ரிலாக்ஸா உட்காருங்க. வலிக்காது."

நாற்காலியில் சாய்த்துவிட்டு டாக்டர்கள் சொல்கிற அதே வார்த்தை. கடிகாரக்காரருக்குக் கடைவாய்ப் பல் கூசியது.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர் கையால் எல்லோருக்கும் டீ ஊற்ற வேண்டும், கடைசியாக வந்தவர் கிளாஸ் கழுவ வேண்டும். கேப்டன் காலம் பூராவும் ஊற்றியவர் பல் டாக்டர், கழுவியவர் ரொட்டிக்கடைக்காரர். இன்று ரொட்டிக்கடைக்காரர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கொட்டகையை வலம் வந்தார். ஊற்றுகிற உற்சாகத்தில் பாதி டீ கிளாஸுக்கு வெளியேதான் விழுந்தது. "நல்லா இருக்கா? சூடு போதுமா?" என்று ஒவ்வொருவரையும் இரண்டு தடவை கேட்டார். அவர் மனைவி மூலையில் நின்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அதைப் பார்த்த கடிகாரக்காரர் தன் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். உண்மையைச் சொன்னால் பந்தயம் செல்லாது. சொல்லாவிட்டால் தூக்கம் வராது. எழுந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு விஷயம். இன்னைக்கு அந்த மிதவை..."

"நீரோட்டம் சார்" என்றது ஒரு குரல்.

"ஏரியில எங்கேய்யா நீரோட்டம்? அதோட நங்கூரம்..."

"இன்னைக்கு ஓடுச்சு சார். நான் பார்த்தேன்" என்றது இன்னொன்று.

பல் டாக்டர் ஈரக்கையோடு எழுந்தார். கடிகாரக்காரர் தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருஷமும் சாரே இருக்கட்டும். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

கைகள் சட்டென்று மேலே போயின. ரொட்டிக்கடைக்காரர் கெட்டிலோடு கையைத் தூக்கியதில் பக்கத்து ஆளின் சட்டை நனைந்தது. அந்த ஆளும் கையை இறக்கவில்லை.

"ஏங்க, எதுக்கு?" என்றார் கடிகாரக்காரர்.

"உங்க முகராசி சார்."

"தொப்பி உங்களுக்குத்தான் பொருந்துது."

"அதை விடுங்க சார், டீ ஆறுது."

டாக்டர் மறுபடி கிளாஸ் கழுவப் போய்விட்டார். மெல்ல ஏதோ பாட்டை வேறு முணுமுணுத்தார்.

ஒன்றும் விளங்காத கடிகாரக்காரர், அடுப்படியில் டீ போடும் அக்காவிடம் போய் நின்றார். சங்கத்துப் பேச்செல்லாம் காதில் விழும் இடம் அது. யாரிடமும் பூசி மெழுகிப் பேசிப் பழக்கமில்லாத ஆள்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. கேப்டன் அப்படி என்ன தப்பு பண்ணாரு? நானும் பண்ணிடக் கூடாதேன்னுதான் கேக்கறேன்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு ஒரு தப்பும் பண்ண மாட்டாரு தம்பி. அதனாலதான் மாத்தினாங்க."