கத்தரிக்கோல் டீச்சரும் கடைசி அத்தியாயமும்

ஒரு நல்ல புத்தகத்தைக் கண்டதுண்டமாக வெட்டிப் போட்டுவிட்டு, "இப்பத்தான் இது உருப்படும்" என்று சொல்லக்கூடிய நூலகர் இந்தப் பினாங்குத் தீவிலேயே ஒருவர்தான். எங்கள் இடைநிலைப்பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்ட அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கத்தரிக்கோல் டீச்சர். நேரிலேயே அப்படிக் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

நான் அங்கே தமிழ் இலக்கியம் நடத்தினேன். விருப்பப் பாடம், பிள்ளைகள் குறைந்தால் வகுப்பையே மூடிவிடுவார்கள். அந்த வருடம் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று ஒரு நாவலுக்கு அழகாகத் திட்டம் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். இருந்ததோ ஒரே பிரதி. "நாளைக்கு வாங்க சார், வழி பண்றேன்" என்றார். மறுநாள் போனால், ஐயோ! நாவல் முதுகு பிளந்து, ஒவ்வோர் அத்தியாயமும் தனித்தனி அட்டை போட்டு மேசையில் கிடக்கிறது.

"என்ன டீச்சர், இப்படிக் கொன்னுட்டீங்க! போட்டோஸ்டேட் எடுத்திருக்கலாமே?"

"அது திருட்டு லா சார். இது நம்ம புத்தகம், நம்ம கத்தரிக்கோல்."

"ஆளுக்கொரு துண்டு கொடுத்தா கதை எப்படிப் புரியும்?"

"புரியலன்னா பக்கத்துல உள்ளவனக் கேக்கட்டும். வாய் எதுக்கு இருக்கு?"

என் திட்டம் குப்பைக்குப் போனது. ஏழாம் அத்தியாயத்தில் கதாநாயகி செத்துப்போவதை ஒருத்தி முதல் வாரமே அழுதுகொண்டு அறிவித்துவிட்டாள். "எங்கிட்ட அவ கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக்கிட்டு இருக்கா லா!" என்று மூன்றாம் அத்தியாயக்காரன் சண்டைக்குப் போனான். கேண்டீனில் மீ கோரேங் ஆறிப்போக, "அஞ்சாவது யாருகிட்ட?" என்று அலைந்தார்கள். இந்தக் கூத்தைப் பார்த்தே அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் டீச்சர் தன் மேசைக்குள் வைத்துக்கொள்வார். அதுவரைக்குமான கதையை முழுக்க அவரிடம் சொன்னால்தான் அது கைக்கு வரும். எனக்கும் அதே சட்டம்தான். "சார்னா கொம்பா முளைச்சிருக்கு?" என்பார்.

பிறகு அவரைக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கெப்பாலா பத்தாஸுக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளிக்கு வந்த புதிய முதல்வர் தாராள மனசுக்காரர். எங்கெங்கோ சொல்லிவைத்து ஆளுக்கொரு முழுப் புத்தகம் வரவழைத்தார். என் திட்டம் ஒரு வாரம்கூடப் பிசகவில்லை. வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். யாருக்கும் யாரிடமும் கேட்க ஒன்றுமில்லையே. இந்த வருடம் பெயர் கொடுத்தவர்கள் போதவில்லையென்று வகுப்பை மூடிவிட்டார்கள். வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல?

போன வாரம் அலமாரியைக் காலி செய்தபோது அந்தப் பழைய துண்டுகள் கிடைத்தன. கடைசி அத்தியாயத்தை மட்டும் காணோம். டீச்சருக்குப் போன் போட்டேன்.

"எங்கிட்டதான் இருக்கு. கிளாஸ் எப்படிப் போகுது சார்?"

சொன்னேன்.

"வகுப்பே இல்ல, இனி அது எதுக்கு டீச்சர்? நீங்களே வெச்சிக்குங்க" என்றேன்.

"அதெல்லாம் முடியாது. வந்து கதையச் சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க."

அந்த நாவலின் முடிவு எனக்கு மனப்பாடம். இருந்தாலும் சனிக்கிழமை ஃபெர்ரி ஏறப்போகிறேன். அவசரமில்லாமல், முதல் அத்தியாயத்திலிருந்து சொல்ல வேண்டும்.