கெட்டுப்போன வஞ்சிரமும் என் இரண்டாவது கல்யாணமும்

வாய் நீண்ட பெண்ணுக்கு வாழ்க்கை நிலைக்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கு முதல் தடவை நிலைக்கவில்லை, உண்மைதான். என் முதல் புருஷன் வேலை போனதை மறைத்து, தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். அதை அவர் தங்கை வளைகாப்பில் நாற்பது பேர் முன்னால் கேட்டுவிட்டேன். (தனியாகக் கேட்டிருக்கலாம். இப்போது புரிகிறது.) பதினோரு மாதத்தில் காசிமேட்டுக்கே திரும்பி, அம்மாவோடு மீன் விற்க உட்கார்ந்தேன்.

மூன்று வருஷம் கழித்து எண்ணூரிலிருந்து ஒரு வரன். கிரேன் ஓட்டுபவர், அவருக்கும் இது இரண்டாவது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோ பாரு, அவங்க பொண்ணு பாத்துட்டுப் போற வரைக்கும் நீ ஊமை. வாயத் தொறந்தே, இதுவும் பூடும்," என்றாள். கண் கலங்கியிருந்தது. கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். போட்டோவைப் பார்த்ததுமே எனக்கு ஆளைப் பிடித்துப் போயிருந்தது. (அம்மாவிடம் சொல்லவில்லை.)

என்னை மார்க்கெட்டுக்கு விட்டால் சண்டை பிடித்து, அந்தச் சேதி எண்ணூர் வரை போய்விடுமாம். அதனால் விருந்துக்கு மீன் வாங்கப் போனவர் அக்கா புருஷன். வெல்டிங் பட்டறைக்காரர். வஞ்சிரத்தை முழு மீனாகப் பார்க்காமல், துண்டு போட்டு வைத்திருந்ததையே வாங்கி வந்தார். அக்கா ஜலதோஷத்தோடு குழம்பு வைத்தாள். அம்மாவோ எனக்குக் காவல் இருந்ததில் அடுப்புப் பக்கமே போகவில்லை.

அரை மணி நேரம் பட்டுப்புடவையில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். என்ன அடக்கம் என்று மாப்பிள்ளையின் அம்மா மெச்சினார். என் அம்மா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பிறகு சாப்பாடு. மாப்பிள்ளையின் அம்மா இலையில் ஒரு துண்டு வைத்தேன். அது முள்ளை விட்டுக் கழன்று மாவாக உதிர்ந்தது. வாடை மூக்கில் ஏறியது. அவர் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிறார். உதட்டைக் கடித்துப் பார்த்தேன். ம்ஹூம்.

"கைய எடு அத்தே. அது கெட்டுப்போன மீனு. துன்னா ஆஸ்பத்திரிதான்."

அதோடாவது நிறுத்தினேனா? அக்கா புருஷன் பக்கம் திரும்பி, செவுளைப் பார்த்தாயா, அமுக்கிப் பார்த்தாயா என்று ஏலம் விடும் குரலில் ஐந்து நிமிஷம் கிழித்தேன். தெருவே வாசலில் நின்றது. அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். கையில் இருந்ததை நானே கெடுத்துக்கொண்டேனே.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை, கை கழுவிவிட்டு என் அம்மாவிடம் வந்தார்.

"எங்க வூட்ல யாரும் எதையும் வெளிய சொல்ல மாட்டோம். மொத பொஞ்சாதிக்கு என்னாண்ட இன்னா குறைன்னு, அது வுட்டுட்டுப் போன அப்புறம்தான் தெரிஞ்சுது. இவங்க கூட இருந்தா அப்பப்போ தெரிஞ்சுடும். எனக்கு சம்மதம்."

நான் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ரசம் வைக்க அடுப்படிக்கு ஓடினேன். அன்று சம்பந்திகள் ரசமும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டுத்தான் தேதி குறித்தார்கள்.

ஆறு வருஷமாகிறது. என் வாய் ஒரு அங்குலம் குறையவில்லை. அவரும் இப்போது நாளைக்கு நாலு வார்த்தை சண்டை போடுகிறார். எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் மாமியார், இலையில் கை வைக்காமல் என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் சும்மா இருந்தால், பக்கத்து இலைக்காரர்களிடம் சொல்வார்:

"மருமவ இன்னும் வாயத் தொறக்கல. தைரியமா துன்னுங்க."