செம்மறிக் கிடாவுக்கு நான் போட்ட பாட்டு

எனக்கு ஆடு வளர்க்கத் தெரியும் என்று நானே நம்பிய ஒரு கோடைக்காலம் உண்டு. தாராவியில் பிறந்து, பள்ளிக்கூடப் பை தைத்துப் பிழைப்பவன் நான். ஆட்டை அதுவரை தட்டில் வைத்துத்தான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் மனிதனுக்கு ஓர் அசட்டுத் துணிச்சல் வரும் இல்லையா, எனக்கு அது அந்த மே மாதம் வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துக் கொடுக்கும் குர்பானிக்கு எங்கள் சந்தில் எல்லோரும் வெள்ளாடுதான் வாங்குவார்கள். வாப்பாவுக்கு (என் அப்பா) மட்டும் செம்மறிக் கிடாதான் வேண்டும். தேவ்னார் ஆட்டுச் சந்தை கூடும்வரை பொறுக்கவும் மாட்டார். கொடுக்கப்போகிற உயிர் கொஞ்ச நாளாவது நம் கையால் தின்று, நம் வாசலில் கிடக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கோவண்டி வியாபாரி ஒருவரிடம் தானே தடவிப் பார்த்து, கன்னங்கரேலென்று, ரோமம் அடர்ந்த கிடா ஒன்றைப் பிடித்து வந்தார். வந்த கையோடு அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி போட்டு, தூசி ஆகாது, வாசல் பக்கமே போகக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஏல காதரு, கிடா உம் பொறுப்பு. நோவுள்ளதக் குர்பானி குடுக்கக் கூடாது, தெரியும்லா? ரெண்டு நேரமும் பாத்துக்க" என்றார்.

"நீங்க நிம்மதியா படுங்க வாப்பா. நான் இருக்கேன்ல" என்றேன். (அந்த 'நான் இருக்கேன்ல'வை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.)

பக்கத்து வீட்டு சலீம் பாய் தன் வெள்ளாட்டைத் தினமும் குளிப்பாட்டி, கழுத்தில் மணி கட்டி, சந்து முனையில் நிறுத்தி வைப்பார். அது மினுமினுவென்று நிற்கும். எனக்கு வயிறு எரிந்தது. நானும் நஸீமாவின் ஷாம்பூவை எடுத்து, கிடாவுக்குக் காலை மாலை இரண்டு குளியல் போட்டேன். (நஸீமா என் மனைவி. அவள் தலைக்குக்கூட வாரம் ஒரு முறைதான் அந்த ஷாம்பூ.) வெள்ளாட்டு முடி வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும். செம்மறி ரோமம் அப்படியில்லை, மேலே காய்ந்ததுபோல் இருந்து உள்ளே நசநசவென்று ஈரம் தங்கும். இது எனக்கு எப்படித் தெரியும்?

தீனியிலும் குறை வைக்கவில்லை. மாம்பழத் தோல், ஊறவைத்த கொண்டைக்கடலை, பக்கத்து வீட்டுச் சப்பாத்தி. விளைவாகக் கிடாவுக்குக் கழிச்சல் கண்டு, பின்பக்க ரோமமெல்லாம் சாணியோடு ஒட்டிக்கொண்டது. அந்த ரோமத்தை வெட்டியிருக்க வேண்டும். நான் மறுபடியும் தண்ணீரை ஊற்றினேன். அசிங்கம் வெளியே தெரியாமலிருக்க, கடையில் மிச்சம் கிடந்த பைத் துணியில் அதற்கு ஒரு போர்வை தைத்தேன். மழை புகாத லைனிங், தங்க ஜரிகைக் கரை, முதுகில் ஜிப். (பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் ஒரு பாக்கெட்டும் வைத்துவிட்டேன்.) ஜூன் நெருங்கும் பம்பாய்ப் புழுக்கத்தில், ஈர ஆட்டைப் பையில் போட்டு மூடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மேலே அத்தர் வேறு.

"என்னங்க, ஈ ரொம்ப மொய்க்கு. உள்ள ஒரு தடவ பாருங்களேன்" என்றாள் நஸீமா.

"தாராவில ஈ மொய்க்காம மயிலா வந்து மொய்க்கும்?" என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கிடா ஆட ஆரம்பித்தது. பின்னங்காலைத் தரையில் டொக் டொக்கென்று தட்டும், வாலை வெடுக்கென்று ஆட்டும், திரும்பித் திரும்பித் தன் முதுகையே பார்க்கும். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சலீம் பாய் ஆட்டுக்கு இது தெரியுமா? போனை எடுத்து, தாளத்துக்குத் தகுந்த பாட்டைப் போட்டு, ரீல்ஸ் எடுத்துக் குடும்ப குரூப்பில் தட்டிவிட்டேன்.

"வெளிய என்னல கைதட்டு?" என்று உள்ளேயிருந்து வாப்பா கேட்டார்.

"கிடா ஆடுது வாப்பா. நல்ல உற்சாகமா இருக்கு."

"தின்னுதா?"

"ஆட்டத்துல தீனிதான் கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை லாத்தா, அதாவது என் அக்கா, ஆடும் ஆட்டைப் பார்ப்பதற்காகவே குடும்பத்தோடு செம்பூரிலிருந்து வந்துவிட்டாள். சந்தே கூடிவிட்டது. சலீம் பாயும் வந்து நின்றார். நான் பாட்டைப் போட்டேன். கிடா தட்டியது, உதறியது, சுழன்றது. எல்லோரும் கைதட்டினார்கள். லாத்தா ஆசையாகப் பக்கத்தில் போய், "ரோமம் எப்படி இருக்குன்னு பாக்கேன்" என்று ஜிப்பைத் திறந்து கையை உள்ளே விட்டாள்.

ரோமம் கொத்தாகக் கையோடு வந்தது. அதற்கடியில் தோல் சிவந்து வெந்திருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. அத்தரையும் மீறிக்கொண்டு அழுகல் நாற்றம் அடித்தது. லாத்தா போட்ட அலறலில் பாட்டுகூடக் கேட்கவில்லை. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. போனில் எங்கெங்கோ தட்டியும் எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. அந்தக் குத்துப்பாட்டு முழுவதும் முடியும்வரை, அத்தனை பேரும் கிடாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

சலீம் பாய்தான் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். வந்தவர் இளம்வயது மராத்திக்காரப் பெண். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். 'நாச் ரஹா ஹை', ஆடுகிறது, என்று என் வாய் தன்னால் சொல்லிவிட்டது. அவருக்குப் புரியவில்லை. நஸீமா என் போனை வாங்கி ரீல்ஸைக் காட்டினாள். டாக்டர் கடைசிவரை பார்த்தார்.

"பாய், யே டான்ஸ் நஹீ ஹை. யே ரோ ரஹா ஹை" என்றார். ஆடவில்லையாம், அழுகிறதாம்.

அப்புறம் நடந்தது முழுவதும் எனக்கான தண்டனை. நான் கிடாவைப் பிடித்துக்கொள்ள, அவர் புண்ணைச் சுற்றி நல்ல ரோமம் தெரியும்வரை கத்தரித்தார், மருந்துத் தண்ணீரால் கழுவினார். ஒளிந்திருந்த புழுக்களை இடுக்கியால் எடுக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். ஒவ்வொன்றாக எடுத்தேன். பெருநாள் எப்போது என்று கேட்டு, அதற்குள் உடம்பைவிட்டு இறங்கிவிடும் மருந்தாகப் பார்த்துப் போட்டார், ஈ அண்டாமலிருக்க ஸ்பிரே அடித்தார். வெயில் காலத்தில் பின்பக்க ரோமத்தை ஒட்ட வெட்டி வைக்க வேண்டும், ஈரமும் சாணியும் தங்கவிடக் கூடாது, பழத்தோலை நிறுத்தி உலர்ந்த புல் போட வேண்டும், தினமும் ரோமத்தை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றார். ஈ முட்டையிட்ட ஒரே நாளில் புழு வந்துவிடுமாம். இன்னும் இரண்டு நாள் ஆட விட்டிருந்தால் கிடா போயிருக்கும் என்றார். கிளம்பும்போது அந்த ஜிப் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே போட்டார். திட்டியிருக்கலாம்.

வாப்பாவிடம் போய் நின்றேன். அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் என் பக்கம் திரும்பினார்.

"ஏல, எனக்குத்தான் கண்ணுல ஆபரேசன். உனக்கு என்ன கேடு?"

அவர் தடவிப் பார்த்துப் பிடித்த கிடா. பெருநாளுக்குள் தேறாவிட்டால் அதைக் கொடுக்க முடியாது. நான் கடையைச் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். ஈ விரட்டும் உத்தியோகம். போகிற வருகிறவர்கள் 'டான்ஸ் மாஸ்டர்' என்றார்கள். கிடாவும் என்னை இரண்டு முறை உதைத்தது. வாங்கிக்கொண்டேன்.

புண் ஆறியது. பெருநாளுக்கு முன்பு வாப்பா வாசலுக்கு வந்து, அதன் உடம்பு முழுவதும் விரல் வைத்துத் தடவினார். பின்பக்கம் மட்டும் மொட்டையாக, கால்சட்டை இல்லாத ஆள்போல் நின்றது கிடா. 'சரி, கொடுக்கலாம்' என்றார். கொடுத்தோம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டாம் தட்டும் வாங்கித் தின்றேன். அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

போன வருடம் எனக்குச் சிறுநீரகக் கல். உயிர் போகிற வலி. டாக்ஸி வரும்வரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரு காலை மாற்றி ஒரு காலாகத் தரையில் தட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த லாத்தா போனை என் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"நஸீமா, பாட்டப் போடு. தம்பி ஆடுதான்."

வாப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. நஸீமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. இது ஆட்டம் இல்லை, வலி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?