சின்ன எஸ்ஸும் தரை பெருக்கிய சட்டையும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், உங்கள் அத்தை என்னோடு பேசாததைத் தவிர. அங்கு உங்கள் நலமும் மகள் நலமும் அறிய ஆவல்.

அத்தையின் தையல் வகுப்புக்கான பாடப் புத்தகத்தை, கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய நீங்கள் உருவாக்கிக் கொடுத்த எடிட்டரில்தான் தினமும் மாலை அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். அவள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கை நீளத்தை ஸ்லீவ் என்பதன் முதல் ஆங்கில எழுத்தால்தான் குறிப்பாள்: பெரியவர் சட்டைக்குப் பெரிய எஸ், குழந்தைச் சட்டைக்குச் சின்ன எஸ். போன வாரம், "பெரிய எஸ் வர்ற இடத்துல எல்லாம் இருபத்திரண்டு அங்குலம்னு மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நானும் எஸ்ஸைத் தேடச் சொல்லி, ‘எல்லாவற்றையும் மாற்று’ என்பதைத் தட்டிவிட்டு, காலாட்டிக்கொண்டு காபி குடித்தேன். உங்கள் எடிட்டருக்குப் பெரியவர், குழந்தை என்ற பேதமே இல்லை மாப்பிள்ளை! அந்தப் பக்கங்களை அச்செடுத்து வகுப்பில் கொடுத்தாயிற்று. வகுப்புக்கு வரும், வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் அதைப் பார்த்துத் தைத்து, தன் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் போட்டு அழைத்து வந்தார். குழந்தை நடக்க நடக்க இரண்டு கையும் தரையைப் பெருக்கிக்கொண்டே வந்தன.

"என்னங்க இது, சட்டைக்குப் பாடம் எடுத்தா ஜன்னல் திரை தைச்சிருக்காங்க?" என்று அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர்தான் பண்ணுச்சு."

"அதுக்கு என்ன தெரியும்? முன்னாடி உட்கார்ந்திருந்தது நீங்கதானே!"

அன்றிலிருந்து அவளே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த நாற்காலி பறிபோனதில் எனக்கு மாலைப் பொழுதே ஓடவில்லை. அவளோடு சண்டை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்வது எவ்வளவு சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஆகவே, தேடும்போது பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் பிரித்துப் பார்ப்பதா வேண்டாமா என்பதை எங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். எப்போதும் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். பெரிய எழுத்துக்கான ஷிஃப்ட் விசையை நான் பல நேரம் அழுத்த மறந்துவிடுவேன், அப்போது அது கண்டும் காணாமல் இருக்க வேண்டும்.

இருவரும் எந்தக் குறையுமில்லாமல், முக்கியமாக ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நாற்காலி இழந்த மாமா

பி.கு: இப்போதுதான் மகள் ஃபோனில் சொன்னாள். தேடும் கட்டத்தின் ஓரத்தில் அதற்கென்றே பெரிய ஏ, சின்ன ஏ போட்ட பொத்தான் முதல் நாளிலிருந்தே இருக்கிறதாமே! கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்குவது என்று நினைத்து, கௌரவம் பார்த்து நான் தொடவே இல்லை. கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். அத்தை கேட்டால் பொத்தானை இன்றுதான் வைத்ததாகச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை, இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தார், உறைகூட ஒட்டாமல். கிழிக்க வேண்டாம், பத்திரமாக வையுங்கள். விரல் வலிக்கிறது, நாளையிலிருந்து அவரே தட்டச்சு செய்யட்டும். — அத்தை